தொட்டிக்குள் நட்சத்திரப் பூச்சி

கடல் எங்கள் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத சாமான். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணறு தேடி நடக்கிற கரிசல் காடு எங்களுடையது. அப்படிப்பட்ட இடத்தில், ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, தன் வீட்டு முன்கூடத்தில் கடலைக் கொண்டுவந்து வைத்தார் சுந்தரபாண்டி முதலாளி. வேண்டுதலா, வைத்தியமா, ஒரு மண்ணும் கிடையாது. திருத்தங்கலில் இன்னொரு பட்டாசு முதலாளி கார் வாங்கிவிட்டார். இவருக்குப் பொறுக்கவில்லை. கார் என்றால் நாளைக்கு எவனும் வாங்குவான், எவனிடமும் இல்லாததாக ஒன்று வேண்டும் என்று புழுங்கிக்கொண்டே இருந்தவர், மெட்ராஸுக்குப் போன இடத்தில் கடல் மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டார். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே விருதுநகருக்கு ஆள் அனுப்பித் தடித்த கண்ணாடி வாங்கினார்.

இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, ஓரமெல்லாம் கீல் பூசி, ஒரு கட்டில் அளவுக்குத் தொட்டி நின்றது. பட்டாசு மருந்துக்கான குளோரேட் உப்பு ஏற்றிவரத் தூத்துக்குடிக்குப் போகிற கம்பெனி லாரி, திரும்பும்போது மரப் பீப்பாய்களில் கடல் தண்ணீரும் ஏற்றி வந்தது. மண்டபம் பக்கத்து மீனவர்களிடம் சொல்லிவைத்து, உயிருள்ள பவளக் கல், பூ மாதிரி விரிந்து மூடுகிற கடல் பூ என்ற பிராணி, கோடு போட்ட குட்டி மீன்கள், சங்கைச் சுமந்துகொண்டு நடக்கிற நண்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அதுகளுக்கு மூச்சு வேண்டுமே, அதற்கு ஒரு லாரி டியூப். டியூபில் காற்று அடைத்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைத் தண்ணீருக்குள் விட்டால் கொப்புளம் கொப்புளமாகக் காற்று போகும். டியூப் இளைத்தால் சைக்கிள் பம்பு வைத்து மறுபடி அடிக்க வேண்டும். அந்தப் பம்பு அடிக்கிற ஆள் நான்.

என் பேர் வள்ளித்தாய். அந்த வீட்டில் முற்றம் பெருக்கி, மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள். கடல் வருவதற்கு முன்னால் முன்கூடத்தில் என் நிழல் விழுந்தாலே முதலாளியின் சம்சாரம் பஞ்சம்மாளுக்கு முகம் கோணிவிடும். நாற்றம் பிடித்த உப்புத் தண்ணீரில் கை விட அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அருவருப்பு, அதனால் எனக்கு அந்தக் கூடம் திறந்தது. அடுப்படி மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. போகட்டும், அவர்கள் அடுப்படியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்.

என் வீட்டுக்காரர் பேர் நாகையா. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டோம். இப்போது நான் தாராளமாகச் சொல்லலாம். சுந்தரபாண்டி முதலாளியின் பட்டாசு ஆலையில் அவர் மருந்து ரூம் ஆள். உப்பையும் கந்தகத்தையும் சலித்து, அளவு பார்த்து, கையால் புரட்டிக் கலக்குகிற வேலை. ஆலையின் மற்றக் கொட்டகைகளை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கிற ரூம் அது. ஏன் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முந்தின வருஷம் பக்கத்து ஆலையில் சங்கிலிமுத்து போனார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவரும் மருந்து ரூம் ஆள்தான். கோணிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். அவர் பெண்டாட்டி சாக்கைப் பிரிக்கச் சொல்லி மண்ணில் விழுந்து புரண்டாள், ஒருத்தரும் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. என் மனுஷனை அந்த ரூமை விட்டு உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். உலையில் அரிசி போட்டால் அதே நினைப்பு, மகளுக்குப் பால் கொடுத்தால் அதே நினைப்பு. எங்கோ ஒரு கல்லுடைக்கிற வெடிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிவந்து ஆலைப் பக்கம் பார்ப்பேன்.

வேறு ஆலைக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் நிலவரம் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுப் புஞ்சையில் பாடுபட்டவர்கள் நாங்கள். குடிசை நிற்கிற இடமும் அவர்களுடையதுதான். முதலாளி முகம் மாறினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். அவரிடமே ஆலைக்குள் வேறு வேலை கேட்டேன். பசைக் கொட்டகை, காயப்போடுகிற களம், லாரியில் லோடு ஏற்றுவது, எதுவானாலும் சரி என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். மருந்துக் கை எல்லோருக்கும் வாய்க்காது, நாகையாவுக்கு வாய்த்திருக்கிறது, அதை லோடு ஏற்றவா அனுப்புவார்கள் என்று சிரித்தார். அவர் கையில் என்ன வாய்த்திருந்தது என்று எனக்குத் தெரியாதா? நகக்கண்ணெல்லாம் மஞ்சள். வேலை முடிந்து வந்தால் தலை முழுகாமல் மகளைத் தொட மாட்டார். அது "அய்யா, அய்யா" என்று தவழ்ந்து வரும், இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குடிசையைச் சுற்றி ஓடுவார். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

இந்த நேரத்தில்தான் தொட்டிக்குள் அந்தப் பூச்சி வந்தது. பவளக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, வெளுத்த சாம்பல் நிறம், நட்சத்திரம் மாதிரி கை கை. சிலதுக்கு ஐந்து கை, சிலதுக்கு ஆறு, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முதலில் பார்த்தபோது முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டு வாங்காமலே நட்சத்திர மீன் வந்திருக்கிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்க அதுதான். தேமல் படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. பவளக் கல்லில் ஊசி முனை மாதிரி உயிர் முளைத்து ஆடிக்கொண்டிருக்குமே, அதன் மேல் ஏறிப் படுத்து வயிற்றை வெளியே தள்ளித் தின்றன. அது போன தடமெல்லாம் கல் வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. முதலாளிக்கு இப்போது அது நட்சத்திர மீன் இல்லை, சனியன்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. தீபாவளிச் சீசனுக்குச் சரக்கு எடுக்க பம்பாயிலிருந்து ஒரு சேட்டு வருஷா வருஷம் வருவார். ஆலையின் பாதி ஆர்டர் அவருடையது. முந்தின வருஷம் கூடவே வந்த அவர் சம்சாரம், இந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. இந்த வருஷமும் அந்த அம்மா வருவார், வந்து செத்த கல்லையும் சாம்பல் பூச்சியையுமா பார்க்க வேண்டும்? முதலாளி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பம்பை வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

"ஏ வள்ளித்தாயி, சேட்டு வாரதுக்குள்ள இதுல ஒரு பூச்சிகூட இருக்கப்படாது. நீ மட்டும் ஒழிச்சுக் குடுத்திட்டேன்னா, ஒம் புருசனை மருந்து ரூமுல இருந்து எடுத்து லாரிக்கு விட்டுர்றேன். போதுமா?"

பம்பைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சொன்னால் சொன்னதுதான், நான் என்ன நண்டு சிண்டா என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். பட்டாசுக் குழாய் சுற்றுகிற மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி வைத்துக்கொண்டு கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தேன். கல் இடுக்கில் பதுங்கியதுதான் பெரும்பாடு. மூங்கில் போகாது, விரலும் போகாது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துண்டு மீனை வைத்து, அடியில் கவிழ்த்து வைத்தேன். விடிந்து வந்து தூக்கினால் சிரட்டைக்கு உள்ளே ஈ மொய்த்த மாதிரி அப்பிக் கிடந்தன. அப்படியே தூக்கிக் கொட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வெயிலில் கொட்டினேன். கொட்டியதைக் கோழி கிளறிப் பார்த்துவிட்டுத் தின்னாமல் போனது. கையெல்லாம் உப்பு அரித்து விரல் இடுக்கில் வெடித்துவிட்டது. எரியட்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்காரருக்கு இது ஒரு கேலி. கரிசல் காட்டில் பிறந்து கடலில் வலை வீசுகிற ஒரே பொம்பளை நீதான் என்பார். கேலி செய்தாலும் சாயந்தரம் வந்து குளித்த கையோடு முதல் கேள்வி அதுதான், இன்றைக்கு எம்புட்டு விழுந்தது? கண்ணாடி தெளிந்துவிட்டது, இடது பக்கத்துக் கல் சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர், "லாரிக்குப் போனா மொதல்ல அந்தக் கடல்ல எறங்கி ஒரு முங்கு முங்கணும் புள்ள. இந்த மருந்து வாடை அதுலதான் போவும்" என்றார். நான் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

நல்லது நடக்கிற இடத்தில் பெத்தணனுக்கு மூக்கு வியர்த்துவிடும். பஞ்சம்மாளுடைய தம்பி அவர். ஆலையில் போர்மேன். சீசன் நேரத்தில் நாகையாவை லாரிக்கு விட்டால் மருந்து கலக்க ஆளுக்கு எங்கே போவது என்று அவருக்குக் கடுப்பு. அக்கா வீட்டுக்கு வந்தவர், பொம்பளை கையால் பொறுக்கிக்கொண்டிருந்தால் பொங்கல் வந்துவிடும் என்று சொல்லி, காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோலைத் தண்ணீருக்குள் விட்டார். கல் இடுக்கில் இருந்த மிச்சத்தையெல்லாம் அங்கனயே துண்டு துண்டாக நறுக்கினார். வேண்டாம் ஐயா, இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது, சிரட்டையிலேயே வந்துவிடும் என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. செத்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

செத்ததா? ஒவ்வொரு துண்டும் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு கை மட்டும் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் குருத்து மாதிரி இரண்டு கை முளைத்தது. இரண்டு கைத் துண்டு முழுசாகவே ஆகிவிட்டது. ஆடி முடிவதற்குள் முன்னைக்கு மேல் பெருகி, மறுபடி கண்ணாடியில் ஏறின. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஆளைக் கேட்க முடியுமா? முதலாளியின் மச்சினன். மறுபடி சிரட்டையை எடுத்தேன். வேறென்ன வழி.

சிரட்டைதான் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முடித்திருப்பேன், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் சேட்டு முன்கூட்டியே கிளம்பிவிட்டார், மறுநாள் காலை சாத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிறார் என்று தந்தி வந்தது. முதலாளி தொட்டியைப் பார்த்தார். கண்ணாடியில் சாம்பல் பூச்சிகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் பேசினார். பெத்தணனும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர்தான் சொன்னார், மயில்துத்தம் போட்டால் என்ன என்று. எங்கள் பக்கத்தில் பட்டாசுக் குழாய் ஒட்ட மைதாவில் பசை காய்ச்சுவோம். எலி, பூச்சி, கரப்பான் தின்றுவிடாமல் இருக்க அதில் துத்தத்தைக் கலப்போம். பசைக்குத் துத்தம் என்பது சோற்றுக்கு உப்பு மாதிரி. பசையில் பூச்சி விழுந்தால் துத்தம் போடுகிறோம், தொட்டியில் பூச்சி விழுந்திருக்கிறது, அவ்வளவுதானே? வேறு ஊர்க்காரனுக்கு இது தோன்றியிருக்காது. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மீன் செத்துப்போகுமே என்று நான் சொன்னதற்கு, அளவாகப் போட்டால் சின்ன உயிர்தான் சாகும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் நடத்தினார்கள்.

பசைக் கொட்டகையிலிருந்து துத்தம் வந்தது. கட்டி கட்டியாக நீலக் கல். உரலில் இடித்தார்கள், தூளும் குறுணையுமாக இருந்தது. குறுணையாகப் போட்டால் அடியில் கிடந்து மீன் கொத்தும், மாவாகச் சலித்துத்தான் போட வேண்டும் என்றார் பெத்தணன். வீட்டுச் சல்லடையைக் கேட்டார். பஞ்சம்மாள் கொடுக்கவில்லை. "திங்கிற மாவு சலிக்கிறதுல வெசத்தைச் சலிக்கவா? வீடு வெளங்குமா?" என்று அடுப்படிக் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

பெத்தணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய் ஒரு சல்லடையோடு வந்தார். நல்ல மெல்லிய துணிச் சல்லடை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் சட்டத்தில் சுற்றியிருந்தது என் பழைய சேலைக் கரை. மருந்து ரூமில் ஒரு உப்புக்கு ஒரு சல்லடை, ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றில் படக் கூடாது. குளோரேட் சலிக்கிறது எது என்று இருட்டு ரூமில் சட்டென்று தெரிய வேண்டும் என்பதற்காக என்னிடம் கேட்டுக் கிழித்துக்கொண்டு போய்க் கட்டியவர் என் வீட்டுக்காரர். அதிலும் துத்தம் அந்த உப்போடு சேரவே கூடாது, சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்று அந்த ஆலையில் குழாய் சுற்றுகிற பொம்பளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். பசைக் கொட்டகை ஒரு கோடியிலும் மருந்து ரூம் ஒரு கோடியிலும் இருப்பதே அதனால்தான். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே பெத்தணன்தான்.

"அய்யா, இது மருந்து ரூம் சல்லடைல்ல?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா? கழுவிக் காயவச்சுத்தான் குடுப்பேன். நீ ஒன் சோலியைப் பாரு."

முதலாளி பக்கம் திரும்பினேன். அவரிடமும் சொன்னேன். போர்மேனுக்கே புத்தி சொல்ல வந்துவிட்டாயா, டியூப் இளைத்துக் கிடக்கிறது, பம்பை அடி என்று எரிந்து விழுந்தார். முற்றத்தில் துத்தம் சலிக்கிற சத்தம் கேட்டது. நீலப் புழுதி பறந்து பெத்தணன் வேட்டியெல்லாம் ஒட்டியது. சலித்து முடித்துச் சல்லடையை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார். மதியக் கஞ்சிக்கு வெளியே போன நாகையா திரும்பி வருவதற்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும், சேட்டுக்குக் காட்டுகிற லோடு பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். போகிற வழியில் ஆலைத் தொட்டியில் கழுவுவார் என்றுதான் நான் நினைத்தேன். போர்மேன் என்று ஒருத்தரை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

துத்தத்தைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் லேசாக நீலம் பாரித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சி ஒன்று கையைச் சுருட்டிக்கொண்டு கழன்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு பொலபொலவென்று உதிர்ந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குள் ஒரு குதியாட்டம். கடல் பூ குறுகிக் கொழகொழவென்று ஆனதையும், நண்டு சங்கை விட்டு வெளியே வந்து மல்லாந்ததையும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதையும் நானும்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பம்பு அடித்தேன். அதுகளுக்காக வருத்தப்பட எனக்கு அப்போது மனசில் இடமில்லை. பூச்சி ஒழிந்தது, என் மனுஷன் பிழைத்தார்.

முதலாளிக்கு மீன் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். லாரியை அனுப்பினால் காலைக்குள் புது மீன் வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டார். நான் தொட்டியை விட்டு நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றேன்.

"சரி சரி, சொன்னது நெனப்பிருக்கு. ஒம் புருசனை லாரிக்கு மாத்தியாச்சு. இன்னைக்கு லோடை மட்டும் முடிச்சுக் குடுத்திட்டு நாளையில இருந்து லாரிக்கு வரச் சொல்லு."

கும்பிட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன், அந்த ஆளை. நினைத்தால் இப்போது அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருக்கிறது.

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். தண்ணீர் தேவைப்படவில்லை, சொல்ல ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். சோலையம்மாள் மதினி வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் பிறந்தபோது எனக்குப் பேறு பார்த்தவர், தாய்க்குச் சமானம். எம் புருசனை லாரிக்கு மாத்தியாச்சு மதினி, இனி மருந்து ரூம் கிடையாது என்று எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னேன். மதினி வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒருத்தி குலவை போட்டாள். கடலைப் பார்த்தால் எங்களுக்கும் ஒரு கை சோழி கொண்டுவரச் சொல் என்றாள் இன்னொருத்தி. இன்றைக்கு லோடு பாக்கி இருக்கிறது என்பது என் வாயில் வரவே இல்லை. சந்தோஷத்தில் இருக்கிறவள் அதையா சொல்வாள்.

குடம் நிறையவில்லை. தரை ஒருமுறை உதறியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. கிழக்கே ஆலைப் பக்கம் வெள்ளைப் புகை எழுந்து, அதன் அடியில் கறுப்புப் புகை சுருண்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிறகு ஓடினோம்.

ரூம் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அவரையும் சாக்கில்தான் கொண்டுவந்தார்கள். நான் பிரிக்கச் சொல்லவில்லை.

சேட்டு வந்தார். துக்கம் நடந்த ஊர் என்று வீட்டுக்கு வராமல் சாத்தூரிலேயே தங்கி ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். அதற்கு அப்புறம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், நிதானமானவர், குறை சொல்ல முடியாது. முதலாளி வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். சல்லடையைச் சொன்னேன், துத்தத்தைச் சொன்னேன், சேலைக் கரையைச் சொன்னேன். பேசப் பேச எனக்குத் தைரியம் வந்தது. முன்கூடத்துத் தொட்டியைப் பார்த்தால் தெரியும் என்றேன். எழுந்துபோய்ப் பார்த்தார். துத்தம் போட்டது நிஜம்தான் என்று பெத்தணன் ஒப்புக்கொண்டார், ஆனால் சலித்தது வீட்டுச் சல்லடையில் என்றார். அதிகாரி பஞ்சம்மாளைக் கேட்டார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், ஆமா, எங்க வீட்டு மாவுச் சல்லடைதான் நான் குடுத்தேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மருந்து ரூம் சல்லடை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்குச் சாம்பல்கூட இல்லை.

அப்போதும் நான் விடவில்லை. சல்லடை எதுவாக இருந்தால் என்ன, அவர் கம்பெனி வேலையில் இருக்கும்போதுதானே செத்தார், கம்பெனிதானே நஷ்டஈடு தர வேண்டும் என்றேன். அதிகாரி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். நாகையா அன்றைக்கு மருந்து ரூம் ஆளே இல்லை, மத்தியானமே லாரிக்கு மாற்றியாகிவிட்டது, மருந்து ரூமுக்குள் போக அவனுக்கு அனுமதி கிடையாது, தானாகப் போயிருக்கிறான் என்றார். சொல்லிவிட்டு, வேண்டுமானால் அவன் சம்சாரத்தையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

மாற்றிவிட்டேன் என்று முதலாளி உன்னிடம் சொன்னாரா என்று அதிகாரி கேட்டார்.

"சொன்னாக. இன்னைக்கு லோடை முடிச்சிட்டு நாளையில இருந்துன்னு சொன்னாக."

நான் கிணற்றடியில் உரக்கச் சொன்னது முதலாளி காதுக்கும் போயிருந்தது. நாளை என்று நான் சொல்லவே இல்லை, கிணற்றடியில் நின்ற பொம்பளைகளைக் கூப்பிட்டு இவள் என்ன சொன்னாள் என்று கேளுங்கள் என்றார். கூப்பிட்டார்கள். சோலையம்மாள் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. என்னைப் பார்த்ததும் அழுகை வெடித்துவிட்டது. எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஆமா சாமி. 'எம் புருசனை லாரிக்கு மாத்தியாச்சு, இனி மருந்து ரூம் கெடையாது'ன்னு இவ வாயாலதான் சொன்னா. அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னா."

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். நாளை என்று யாராவது கேட்டீர்களா, லோடு பாக்கி என்று இவள் சொன்னாளா என்று அதிகாரி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்கள். என் மகள் இடுப்பிலிருந்து நழுவி, முற்றத்தில் நின்ற ஆண்களை நோக்கித் தவழ்ந்து போனாள். யாரோ அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார்கள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, இரக்கத்தோடுதான் கேட்டார்.

"லாரிக்கு மாத்தின ஆளுக்கு மருந்து ரூம்ல என்னம்மா வேலை?"

முதலாளியும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று.